வண்டி வயரில் ஈயம் வைக்காதீங்க

"ஈயம் வச்சாத்தான் ஜாயிண்ட் உறுதி" என்ற நம்பிக்கை பட்டறைகளிலும், வீட்டிலேயே ஃபாக் லைட் மாட்டும் நண்பர்களிடமும் அசையாமல் இருக்கிறது. வண்டி விஷயத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. என் ஓட்டு கிரிம்புக்கு, அதாவது வயர் முனையை லக் என்ற உலோக முனைக்குள் செருகி, கருவியால் அழுத்திப் பிடிக்க வைப்பதற்கு.

ஈயப்பற்று கரண்டை நன்றாகவே கடத்தும். ஆனால் வண்டி ஆடும், அதிரும். வயருக்குள் மெல்லிய செப்பு இழைகளை வைத்திருப்பதே அது வளைந்து கொடுக்கத்தான். சால்டரிங் (ஈயம் வைப்பது) பண்ணும்போது உருகிய ஈயம், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே ஏறி இன்சுலேஷனுக்குள்ளும் போய்விடும். ஏறிய தூரம் வரை வயர் விறைத்த கம்பிதான். ஈயம் முடிந்து வெறும் இழை தொடங்கும் இடத்தில்தான் அத்தனை அதிர்வும் வந்து விழும். அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஜாயிண்ட் பளபளவென்று இருக்கும், அறுந்தது உறைக்குள்ளே ஒளிந்திருக்கும். தேடுகிறவன் பாடு திண்டாட்டம்!

சரியான கிரிம்பில் லக்கும் இழைகளும் நடுவே காற்றுகூடப் புகாத அளவுக்கு நெருங்கி அமுங்கிவிடும். உள்ளே களிம்பு பிடிக்க வழியில்லை. கம்பெனியிலிருந்தே வண்டியில் வரும் வயர்க் கட்டில் (ஹார்னஸ்) கனெக்டர் பின் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், கிரிம்ப்தான். வேலை சீக்கிரம் முடியும் என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் விமான வயரிங்கிலும் பெரும்பாலும் கிரிம்ப்தானே?

கிரிம்புக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது கட்டிங் பிளேயர். அதால் நசுக்கினால் லக் சப்பையாகும், பிடி இருக்காது. 12 வோல்ட் வண்டியில் 55 வாட் ஃபாக் லைட் பல்பு இரண்டு சேர்ந்தால் சுமார் 9 ஆம்பியர். அந்த லூஸ் ஜாயிண்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே 8 வாட்டுக்கு மேல் சூடு அங்கேயே கிளம்பும். லைட்டுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் எடுத்து ராட்செட் கிரிம்பர் என்ற அழுத்தும் கருவியை வாங்குங்கள், முழுசாக அழுத்தும்வரை பிடியை விடாது. பிளாஸ்டிக் உறை போட்ட லக் என்றால் உறையின் நிறம் வயரின் தடிமனைச் சொல்லும்: சிவப்பு 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6. அழுத்தியதும் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் 'டபுள் சேஃப்டி'காரர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஈயம் பூசிய முனையை லக்கில் வைத்து அழுத்தினால், மெதுவான ஈயம் நாள்பட நாள்பட நெகிழும், பிடி தளரும்.

"பத்து வருஷமா என் சால்டர் ஜாயிண்ட் நிக்குதே" என்று கமெண்ட் வரும். நிற்கும், ஈயம் ஒட்ட உதவும் பிசின் வகை ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும் போட்டு, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பசை வைத்த குழாயை (ஹீட் ஷ்ரிங்க்) ஏற்றி, இரண்டு பக்கமும் ஆடாமல் கட்டியிருந்தால் நிற்கும். முறுக்கி டேப் மட்டும் சுற்றுகிறவர்கள் தயவுசெய்து இந்தச் சண்டைக்கே வராதீர்கள்.