24ஏ சீட்டை நான் ஏன் கொடுக்கவில்லை

டார்ஜிலிங் போய் வந்து பத்து நாளாகிறது, போகும்போது விமானத்தில் என் ஜன்னல் சீட்டை ஒரு தம்பதிக்காக மாற்றிக்கொடுக்கவில்லை என்ற அந்த சீட் பஞ்சாயத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை. டூர் குரூப்பில் நேற்று ஒருவர் "விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை" என்று ரோஜாப்பூ படத்தோடு போட்டிருக்கிறார். காலை வணக்கமாம். யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

சரி, சொல்லிவிடுகிறேன். டெல்லியிலிருந்து, டார்ஜிலிங்குக்குப் போக இறங்கும் பாக்டோக்ராவுக்கு விமானம் கிழக்கு நோக்கிப் போகிறது. இமயமலை வடக்கே, அதாவது இடது கைப்பக்கம். இடப்பக்க ஜன்னலான ஏ சீட்டில் இருந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் எவரெஸ்ட் தெரியும், 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா தெரியும். வலப்பக்க ஜன்னலான எஃப் சீட்டில் கண் கூசும் வெயில்தான் தெரியும். இடப்பக்கமே ஆனாலும் இறக்கைக்கு நன்றாகப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும், எஞ்சினை ஒட்டிப் பின்னால் என்றால் அந்தச் சூட்டுக்காற்றில் மலை கானல்நீர் மாதிரி நெளியும். இவ்வளவும் பார்த்து, தனியாகக் காசு கட்டி, முன்கூட்டியே எடுத்தது 24ஏ. அதற்குப் பதிலாக எனக்குத் தருவதாகச் சொன்னது 17இ. நடு சீட். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள், அருமையான காட்சி.

கணவன் மனைவி சேர்ந்து உட்கார ஆசைப்பட்டார்களாம். கைக்குழந்தையோடு ஒரு அம்மா கேட்டிருந்தால் சத்தியமாக எழுந்திருப்பேன். கல்யாணமாகி இருபது வருடம் தாண்டியவர்கள் இரண்டு மணி நேரம் பிரிந்திருந்தால் குடியா முழுகிவிடும்? நான் எடுத்த சீட்டில் நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

கொடுத்துப் பார்க்காதவனும் இல்லை நான். முன்பு ஒருமுறை ஒருவர் கேட்டார் என்று கொடுத்தேன். உட்கார்ந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். இறங்கும் நேரத்தில் ஏர்ஹோஸ்டஸ் வந்து எழுப்பித்தான் திறக்கவைத்தார்.

'யூட்யூபில் பார்த்தால் போதாதா?' என்கிறார்கள் குரூப்பில். ஆம்பூர் பிரியாணியையும் யூட்யூபிலேயே பார்த்துக்கொள்ளுங்களேன், ஏன் கடையில் வரிசையில் நிற்கிறீர்கள்? 'பாத்ரூம் போக இரண்டு பேரை எழுப்புவீர்களே' என்றால், அது உண்மைதான், எழுப்புவேன். 'முதலில் நம் வேலூர் ஏர்போர்ட் இருக்கும் அப்துல்லாபுரத்துக்கு விமானம் வரட்டும், அப்புறம் ஜன்னலைப் பார்க்கலாம்' என்று ஒருவர். அவருக்குப் பதில் இல்லை.

இன்னொன்று, ஜன்னல் சீட் என்று எடுத்தாலே ஜன்னல் இருக்கும் என்று நம்பாதீர்கள். போயிங் 737-இல் இடப்பக்கம் ஒரு வரிசையில் ஏசி குழாய் போவதால் அங்கே வெறும் சுவர்தான். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைச் சொல்வார்களே, அந்த வரிசையில் இதையும் சேர்க்கலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை தெரியாமல் செய்த தப்பினால்தான். அம்மாவை விமானத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. காட்பாடியில் ஏறினால் ரயிலிலேயே போகிற பெங்களூருக்கு, எதிர்த்திசையில் சென்னைக்குப் போய் விமானம் பிடித்தோம். ஊரே சிரித்தது. இடப்பக்கம் உட்கார்ந்தால் பாலாறும் நம் பக்கத்து மலைகளும் தெரியும் என்று அதுவரை சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். எடுத்தது 12ஏ. சரியாக இறக்கைக்கு மேலே. அம்மா புதுச்சேலையில் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, "கோட்டை அகழி எங்கடா தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இதோ, இதோ என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கியதும் ஒரே வார்த்தைதான், "தகரத்துல எவ்ளோ ஸ்க்ரூ அடிச்சிருக்கான்!"

திரும்பும்போது ரயில். ஜோலார்பேட்டை பக்கம் ஏலகிரி தெரிந்ததும், இது எவ்வளவு நன்றாகத் தெரிகிறது பார் என்று எனக்கே காட்டினார். இப்போது முட்டி வலி, இனி எங்கேயும் வரமாட்டேன் என்கிறார்.

இரக்கமில்லாதவன் என்று எழுதியவர்களுக்கு இது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

24ஏ-வில் எடுத்த கஞ்சன்ஜங்கா படத்தை வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப்பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல இறக்கை எங்கடா?" என்கிறார்.