சேப்பாக்கத்தில் நான் பார்த்த யுவராஜும், அத்தை பார்த்த யுவராஜும்

2011 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் வாலாஜா ரோடு பக்கத்து ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். வெஸ்ட் இண்டீஸோடு உலகக் கோப்பை லீக் ஆட்டம். நம்ம அஸ்வினுக்கு உலகக் கோப்பையில் அதுதான் முதல் ஆட்டம் என்பதால் ஊரே திரண்டு வந்திருந்தது. முதல் ஓவரிலேயே சச்சின் 2 ரன்னில் அவுட். நடுவர் கை தூக்கக்கூட இல்லை, அவரே நடந்து போய்விட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. கம்பீரும் போனபோது ஸ்கோர் 51. அப்போதுதான் யுவராஜ் சிங் உள்ளே வந்தார்.

அன்றைக்கு அவர் 113 அடித்தார். உலகக் கோப்பையில் அவருடைய ஒரே சதம் அது. ஆனால் என் கண்ணில் நிற்பது ரன் இல்லை. நடுநடுவே பேட்டை ஊன்றிக் குனிந்துகொள்வார். முதுகு குலுங்கும். வாந்தி எடுக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தண்ணீர் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி நிற்பார். பக்கத்தில் இருந்த பெரியவர், “வெயில் தம்பி, வடக்கத்திக்காரங்களுக்கு நம்ம மார்ச்சு தாங்காது. ஒரு சொம்பு மோர் குடிச்சா சரியாயிடும்” என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு பந்து போடவும் வந்து 2 விக்கெட் எடுத்தார். 80 ரன்னில் ஜெயித்தோம். ஆட்ட நாயகன் அவர்தான். தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அது வெயில் இல்லை என்று தெரிய ஒரு வருஷம் ஆகப்போனது. அந்த உலகக் கோப்பை முழுக்க அவருக்கு இருமல். தூக்கமில்லை, மூச்சு வாங்கல், இருமினால் ரத்தம். அப்படியே ஆடி 362 ரன், 15 விக்கெட், நான்கு முறை ஆட்ட நாயகன், கடைசியில் தொடர் நாயகன். மும்பை வான்கடேயில் இறுதி ஆட்டத்தில் தோனி அந்த சிக்ஸரை அடித்தபோது எதிர்முனையில் நின்றவரும் அவர்தான். நெஞ்சுக்குள்ளே, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், கட்டி இருந்திருக்கிறது.

நாம் அந்தக் கோப்பையை ஜெயித்த ஏப்ரல் 2-ஆம் தேதி வந்தால் ஒவ்வொரு வருஷமும் அந்தச் சேப்பாக்கம் வீடியோ நம் டைம்லைனில் சுற்றும். “ரத்தம் கக்கினாலும் நாட்டுக்காக ஆடியவன்” என்று மேலே எழுதியிருப்பார்கள். நேரில் பார்த்த நான் அதை ஒருநாளும் ஷேர் செய்ததில்லை. யுவராஜ் எனக்கு ஹீரோ. ஆனால் அந்த நாளுக்காக இல்லை. உடம்பு குரல் கொடுக்கும்போது “இது முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவதை வீரம் என்று நாம் கொண்டாட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அத்தை, அப்பாவின் அக்கா. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதே” என்றார்.) 2011-இல் அவருக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். “பொண்ணு கல்யாணம் முடியட்டும்”. கல்யாணம் முடிந்தது. “தலை தீபாவளி முடியட்டும்”. அதுவும் முடிந்தது. எட்டு மாதம்! ஊரில் இல்லாத தைரியசாலி என்று பின்னால் உறவுக்காரர்கள் பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

நம் வீடுகளில் அந்த நோய்க்குப் பேரே கிடையாது. “அது”, “அந்த வியாதி”. சென்னையில் “அடையாறுக்குப் போயிட்டு வராங்க” என்று குரலைத் தாழ்த்தினால் போதும், மேலே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. டாக்டர் சாந்தா அம்மா தன் ஆயுசையே அங்கே கொடுத்தார். சீக்கிரம் வாருங்கள், குணப்படுத்தலாம் என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்த மனுஷி. நாமோ அந்த ஊர்ப் பேரையே நோயின் மறுபேராக்கி வைத்திருக்கிறோம்.

அத்தைக்குக் கீமோ ஆரம்பித்தபோது அக்கம்பக்கத்தில் டைபாய்டு என்று சொன்னோம். நானும்தான் சொன்னேன். சிவப்பு மருந்து ஏற்றிய மூன்றாவது வாரம் முடி கொத்துக்கொத்தாக வந்தது. தலையணை உறையை யாரையும் தொட விடாமல் தானே உதறிக்கொள்வார். அப்புறம் அறையை விட்டே வெளியே வரவில்லை. யாராவது காலிங் பெல் அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த 2012 பிப்ரவரியில்தான் யுவராஜுக்குக் கேன்சர் என்ற செய்தி வந்தது. முன்பு அவர் வீட்டிலும் சாதாரணக் கட்டி என்றுதான் வெளியே சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல அங்கேயும் நேரம் பிடித்திருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அவர் ஒளிந்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் கீமோ எடுத்துக்கொண்டே, முடி போன தலையோடு ஒரு போட்டோ எடுத்து ட்விட்டரில் போட்டார். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விளம்பரத்துக்கு விளம்பரம் வந்துகொண்டிருந்த முகம். 2007-இல் டர்பனில் ஸ்டூவர்ட் பிராட் ஓவரில் ஆறு பந்தையும் சிக்ஸர் அடித்த உடம்பு. வயசு 30. அந்த ஆள், “இதோ பாருங்கள், எனக்குக் கேன்சர், என் தலை இப்படித்தான் இருக்கிறது” என்று நூறு கோடிப் பேருக்கு முன்னால் நிற்கிறார். சேப்பாக்கத்தில் அவர் மறைத்துக்கொண்டு நின்றார். இதில் மறைக்காமல் நின்றார். எனக்கு இதுதான் பெரிது.

அந்தப் பேப்பரை அத்தை அறைக்கு எடுத்துப்போனேன். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது, சச்சின் ஒருத்தரைத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “யாரு பெத்த புள்ளையோ” என்றார். “புருவம் இருக்கு பாரு இவனுக்கு” என்றார். அப்புறம், “இவனுக்கும் வாயெல்லாம் இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்குமாடா?” என்று கேட்டார். கீமோ ஆரம்பித்ததிலிருந்து தன் வாய் எப்படியிருக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. அதுவரைக்கும் சாப்பிடவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் ஆவின் பூத்துக்குத் தானே போய் வந்தார். தலையில் துண்டில்லை. எதிர்வீட்டம்மா கேட்டிருக்கிறார்கள். “கேன்சர், கீமோ போகுது” என்று சொல்லிவிட்டு இரண்டு பாக்கெட் பாலோடு வந்தார். வீட்டில் அப்பாதான் அழுதார்.

யுவராஜுக்கு வந்தது செமினோமா என்ற வகை. மருந்துக்கு நன்றாகக் கேட்கக்கூடியது. அவருக்கு வைத்தியம் பார்த்த லாரன்ஸ் ஐன்ஹார்ன், 1974-லிலேயே சிஸ்பிளாட்டின் மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, ஆளைக் கொன்றுகொண்டிருந்த விரைப் புற்றை குணமாகிற நோயாக மாற்றிக் காட்டியவர். செமினோமாவும் அந்தக் குடும்பம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், “மன உறுதியாலே கேன்சரை ஜெயிச்சார்” என்று எழுதுகிறவர்கள் மருந்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. மன உறுதி வேண்டும்தான், ஊசி குத்தக் குத்த அந்த நாற்காலியில் போய் உட்கார்வதற்கு. கட்டியைக் கரைத்தது மருந்து. என் அத்தையைவிட மன உறுதியான எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அவர்களெல்லாம் தைரியம் போதாமல் தோற்றவர்களா?

2014 டாக்காவில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இலங்கையோடு. யுவராஜ் 21 பந்தில் 11 ரன். தோற்றோம். சண்டிகரில் அவர் வீட்டின் மேல் கல் எறிந்தார்கள். ரத்த வாந்தி வீடியோவை ஷேர் செய்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு அவரை அசிங்கமாகத் திட்டினார்கள் என்பதை என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டிலேயே பார்த்தேன். நோயிலிருந்து மீண்டவர் பழைய ஆளாகவே திரும்ப வேண்டும், அதுவும் உடனே, இல்லையென்றால் நமக்குப் பொறுக்காது. அவர் அதற்கும் பதில் பேசாமல் ஆடிக்கொண்டிருந்தார். டீமை விட்டுப் போனார், வந்தார், மறுபடி போனார். 2017 ஜனவரியில் கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக 150 அடித்தார். அவருடைய அதிகபட்ச ஒருநாள் ஸ்கோர் அது, உச்சத்தில் இருந்த காலத்தில்கூட அடிக்காதது. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று பேசுவதற்கு ஓர் அறக்கட்டளையும் நடத்துகிறார். 2019 ஜூன் 10-ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். ஒரு கடைசி ஆட்டம் ஆடிவிட்டுப் போகிற கொடுப்பினை அவருக்கு வாய்க்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கீமோவுக்குப் பிறகு அவர் திரும்பி வந்த முதல் ஆட்டமும் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 2012 செப்டம்பர் 11, நியூசிலாந்தோடு டி20. விசாகப்பட்டினத்தில் ஆட வேண்டியது மழையில் போய், அந்தப் பாக்கியம் சென்னைக்கு வந்தது. நண்பன் டிக்கெட் வைத்திருந்தான். நான் போகவில்லை. கரண்ட் (கதிர்வீச்சு), ஊசியெல்லாம் முடிந்து அத்தை வீட்டில் இருந்தார், தலையில் ஒரு விரற்கடை முடி, நரைத்துச் சுருண்டு. இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதலில் நாம் ஃபீல்டிங். எங்கேயோ பவுண்டரி ஓரத்தில் யுவராஜ் தெரிந்தபோது ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “தொப்பியைக் கழட்டச் சொல்லுடா, முடி வந்துடுச்சான்னு பாக்கணும்” என்றார்.

பேட்டிங்கில் 26 பந்தில் 34 அடித்தார். சிக்ஸர் போகும்போதெல்லாம் அத்தை கை தட்டினார். கடைசி ஓவர் எல்லாம் பார்க்காமல் மாத்திரை போட எழுந்து போய்விட்டார். ஆட்டம் முடிந்ததும் உள்ளேயிருந்து, “ஜெயிச்சாச்சா?” என்று குரல் வந்தது.

ஒரு ரன்னில் தோற்றிருந்தோம். “ஆடிட்டான் அத்தை” என்றேன்.