மைக்கூட்டுக்குப் புளி வேண்டாம்

பழைய பித்தளை மைக்கூடு, பேனாத்தட்டு, பேப்பர் வெயிட் எல்லாவற்றையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து மேசையில் அடுக்கச் சொல்கிறது ஒரு வீட்டு அலங்காரக் கட்டுரை. அடுக்கும் யோசனை அருமை. புளி மட்டும் வேண்டாம். அதன் அமிலம் பழமையின் கருமையை எடுத்துவிடும். தேய்க்கத் தேய்க்க, வெட்டியிருக்கும் எழுத்தும் மழுங்கும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். இலங்கை மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் மரப்பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எங்கள் பக்கம் இந்தச் சாமான்களில் பல தேயிலைத் தோட்டத்து ஆபிசில் இருந்தவை. அந்த மையைத் தொட்டுத்தான் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதியும் சம்பளப் பதிவேட்டில், எங்கள் பாட்டிமாருக்குப் பேர் போட்டார்கள்; ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையேறி இறங்கியவளுக்குப் பாதிச் சம்பளம் என்று அந்தப் பேனாதான் எழுதியது. அதை வெறும் துரை பங்களா அழகாக வைப்பதை என்னால் ஏற்க முடியாது. எந்தத் தோட்டத்துச் சாமான் என்று ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

வாங்குபவர்களுக்கு: 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை போட்ட காலத்துப் பொருள் என்று விலை சொன்னால், திருகாணியைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால், அந்த ஆணி 1930களுக்கு முந்தியதல்ல.