வர்ஜீனியா ஜெயித்தது வெறும் அதிர்ஷ்டமா?

2019-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியக் கோப்பை வென்றதை அதிர்ஷ்டம் என்று, அந்த வெற்றியைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார், இதை ஏற்கவே முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இதே அணி, முதல் தரவரிசையில் இருந்துகொண்டு, தன் பிரிவில் கடைசியான 16-ஆம் தரவரிசையில் வந்த யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம்) அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதுவரை நடக்காத ஒன்று, நாடே சிரித்தது. மணிக்கட்டு முறிந்திருந்ததால் அந்த ஆட்டத்தில் ஆடமுடியாமல் போன டி'ஆன்ட்ரே ஹன்டர்தான் மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார், கடைசி நொடிகளில் சமன் செய்த மூன்று புள்ளி வீச்சும் அவருடையதே.

சரி, அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக வர்ஜீனியாவின் டை ஜெரோம் செய்த டபுள் டிரிப்ளிங்கை (பந்தைத் தட்டிச் செல்வதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டும் விதிமீறல்) நடுவர் கவனிக்கவில்லை, அது உண்மை. ஆனால் 0.6 நொடி மீதி இருக்க, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த மூன்று ஃப்ரீ த்ரோவையும் (ஒவ்வொன்றும் ஒரு புள்ளி) நம் அணியின் கைல் கை உள்ளே போட்டாரே, அதை நடுவரா போட்டுக் கொடுத்தார்? இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோவில் ஒன்றுகூடத் தவறவில்லை. அப்புறம் பயிற்சியாளர் டோனி பென்னட் வருடக்கணக்காகப் பழக்கிய அந்தத் தடுப்பாட்டம், எதிரணியை உள்ளே விடாமல் நெருக்கி நிற்பது, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அந்த சீசனில் 35 வெற்றி, 3 தோல்வி. அந்தப் பையன்களுக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள் சார்.