கேம்ஷாஃப்ட்டைக் கடைசியாக வாங்குங்கள்

பழைய செவர்லே 350 (கன அங்குல) வி8 என்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முனைகிறவர்களில் பலர், பிஸ்டன் வாங்குவதற்கு முன்பே, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டை (சுருக்கமாகக் கேம்) வாங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியாக வாங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது), சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸிலின் கியர் விகிதம், வண்டியின் எடை ஆகிய அனைத்தும் முடிவான பிறகு அவற்றுக்குப் பொருந்தும் கேமைத் தேட வேண்டும். கேமை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பதால்தான், சாதாரண என்ஜினைவிட மந்தமாக ஓடும் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ஜின்கள் இவ்வளவு உருவாகின்றன.

1970களின் செவர்லே கமாரோ கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4.00 அங்குல போர், 3.48 அங்குல ஸ்ட்ரோக். 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகத் தன் என்ஜின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. அக்காலத்து 350 என்ஜின்களில் பெரும்பாலும் 8.5:1 அளவுதான் இருக்கும். பழைய ஹெட்களையே வைத்துக்கொண்டு, அதே அளவு பிஸ்டன்களைப் போட்டுக் கட்டினால், புதிய என்ஜினிலும் அந்த 8.5 தான் இருக்கும். இதை மறந்துவிட்டுக் கேம் பட்டியலைப் புரட்டுவதில் பொருளில்லை.

கேம் தீர்மானிக்கும் நான்கு நிகழ்வுகளில், அதாவது இரண்டு வால்வுகளின் திறப்பிலும் மூடலிலும், சாலையில் ஓடும் வண்டிக்கு மிக முக்கியமானது இன்லெட் வால்வு மூடும் தருணம். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு திறந்தே இருக்கிறது. அது மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. 5.7 அங்குல கனெக்டிங் ராடு உள்ள 350 என்ஜினில், அடிமட்டத்துக்குப் பின் 60 டிகிரியில் வால்வு மூடினால், பிஸ்டன் அதற்குள் ஏறக்குறைய 0.67 அங்குலம் ஏறியிருக்கும். 75 டிகிரியில் மூடினால் 1.04 அங்குலம் ஏறியிருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், காகிதத்தில் 8.5:1 ஆக இருக்கும் என்ஜின் முதல் கேமில் 7.1:1 ஆகவும், இரண்டாவது கேமில் 6.3:1 ஆகவும் நடைமுறையில் வேலை செய்கிறது. நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில் உள்ளே பாய்ந்து வரும் காற்றின் வேகம் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். 2,000 சுழற்சியில் அந்த வேகம் இல்லை என்பதால், உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி மேனிஃபோல்டுக்கே திரும்பத் தள்ளப்படுகிறது. நாம் நாள்தோறும் ஓட்டுவது 2,000 சுழற்சியில்தான்.

செவர்லேயின் புகழ்பெற்ற கேம்களின் பெயரைச் சொல்லி வாதிடுகிறவர்களுக்கும் இதுவே என் பதில். 1965இல் வந்த எல்79 என்ஜினின் கேம், 0.050 அங்குல அளவீட்டில் (வால்வை இயக்கும் லிஃப்டர் 0.050 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும் கால அளவு, அதாவது டியூரேஷன், கிராங்க்ஷாஃப்ட்டின் டிகிரியில்) 222 டிகிரி. இன்றைய பட்டியல்களில் அது நடுத்தரமான கேம்தான். ஆனால் அந்த 327 என்ஜினின் கம்ப்ரஷன் 11:1. 1967 முதல் 1969 வரையிலான இசட்/28 கமாரோவின் 302 என்ஜினில் இருந்த, வால்வு இடைவெளி இருபுறமும் 0.030 அங்குலம் வைக்கப்படுவதால் '30-30' என்று அழைக்கப்பட்ட கேம், அதே அளவீட்டில் 254 டிகிரி. அதற்குத் துணையாக 11:1 கம்ப்ரஷனும், நான்கு கியர் மேனுவல் பெட்டியும், 3.73 ஆக்ஸிலும் இருந்தன. அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் கேமைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களின் தேர்வில் பாதியை மட்டும் கழற்றி எடுத்து 8.5:1 ஆட்டோமேட்டிக் வண்டியில் மாட்டுவது அவர்களுக்கே செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன்.

கியர் விகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 போன்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் கடைசி கியர் 1:1. ஆக்ஸில் 3.08 ஆகவும், டயரின் விட்டம் 26 அங்குலமாகவும் இருந்தால், மணிக்கு 60 மைல் வேகத்தில் என்ஜின் சுமார் 2,400 சுழற்சியில் ஓடும். விசை 3,000க்கு மேல்தான் எழும் என்றால் அந்தக் கேமின் பயனை நெடுஞ்சாலையில் ஓட்டுநர் உணரவே மாட்டார். பெரிய கேம்தான் வேண்டுமென்று உறுதியாக இருப்பவர்கள் ஆக்ஸிலை 3.73க்கும், ஆட்டோமேட்டிக்கில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரை அதிக ஸ்டால் வேகம் (வண்டி நிற்கையில் என்ஜின் எட்டக்கூடிய சுழற்சி) உள்ளதற்கும் மாற்றுவதற்கான செலவையும் கேமின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஐடிலிங்கில் என்ஜின் குலுங்கி அதிரும் அந்த ஒலிக்காகவே பலர் கேம் வாங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன். அந்த ஒலி எனக்கும் பிடிக்கும். எனினும் அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து வாங்க வேண்டும். இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஓவர்லாப் கூடக்கூட, மெதுவாக ஓடும்போது எரிந்த வாயு இன்லெட் பக்கம் புகுந்து புதிய கலவையைக் கெடுக்கிறது; எரிதல் ஒழுங்கற்றுப் போவதைத்தான் நாம் ஒலியாகக் கேட்கிறோம். விளம்பர டியூரேஷன் 270 டிகிரியும், கேமின் இன்லெட், எக்ஸாஸ்ட் மேடுகளான லோப்களின் இடைக்கோணம் 110 டிகிரியும் உள்ள கேமில் ஓவர்லாப் 50 டிகிரி; 292 டிகிரியும் 108 டிகிரியும் என்றால் 76 டிகிரி. இதனால் மேனிஃபோல்டின் வெற்றிடம் குறைகிறது, பவர் பிரேக் அந்த வெற்றிடத்தை நம்பியே இயங்குகிறது. போக்குவரத்து நெரிசலில் பிரேக் மிதி கல்லாக இறுகும் வண்டியைக் குடும்பத்தோடு ஓட்டலாமா என்பதை வாங்குகிறவர் தம் மனத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்பிடும்போது விளம்பர டியூரேஷனை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு லிஃப்டர் உயரத்தில் அளக்கிறது. 0.050 அங்குல அளவை மட்டும் ஒப்பிடுங்கள்.

மேலே சொன்ன கமாரோவுக்கு நான் பரிந்துரைப்பது, 0.050 அளவீட்டில் இன்லெட்டுக்கு 204, எக்ஸாஸ்ட்டுக்கு 214 டிகிரியும், 112 டிகிரி இடைக்கோணமும் கொண்ட ஹைட்ராலிக் கேம். பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் வழி குறுகலானது என்பதால் அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் தருவது நியாயமானது. கம்ப்ரஷனை 9.5க்கு உயர்த்தி, ஆக்ஸிலையும் மாற்றினால் 218, 220 டிகிரி வரை தயங்காமல் போகலாம். இரண்டு கேம்களுக்கு இடையே மனம் ஊசலாடினால் சிறியதையே எடுங்கள்.

கேமோடு புதிய லிஃப்டர்களும், அதற்கென்று குறிப்பிடப்பட்ட வால்வு ஸ்பிரிங்குகளும் கட்டாயம் வேண்டும். உருளும் சக்கரம் கொண்ட ரோலர் லிஃப்டருக்குப் பணம் இல்லையென்றால், தட்டையான அடி கொண்ட லிஃப்டருக்கான ஃப்ளாட் டாப்பெட் கேம் தாழ்ந்ததல்ல. ஆனால் துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவில் உள்ள எண்ணெயை ஊற்றி, முதல் முறை கிளப்பியதும் ஐடிலிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500 சுழற்சியில் சுமார் 20 நிமிடங்கள் ஓட்டியாக வேண்டும். மாட்டும்போது டைமிங் கியர்களின் புள்ளிகளை நேர்நேராக வைத்ததோடு நிறுத்தாமல், டிகிரி வட்டும் டயல் கேஜும் கொண்டு இன்லெட் லோப்பின் மையத்தை அளந்து, கேமுடன் வந்த அட்டையோடு ஒப்பிடுங்கள். நான்கு டிகிரி தள்ளி நின்றாலும், நீங்கள் இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்த மூடும் தருணம் நான்கு டிகிரி தள்ளிப் போய்விடும்.