எட்டு நாற்காலிக் கடைக்கு ஒரு ஸ்டார் போட்டவர்களுக்கு

டோக்கியோவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் நம்ம ஊர் டூரிஸ்ட்டுகள் ஆறு பேர் எடுத்து, அவமானப்படுத்தி விரட்டினார்கள் என்று போட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி பகிரப் போவதில்லை. கடைப் பெயரையும் எழுதப் போவதில்லை, அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் அடிபட்டுவிட்டது. பேசாமல் கடந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி கூகுள் மேப்பில் அந்தக் கடையைத் திறந்து பார்த்தேன். ஜப்பான் மண்ணையே மிதிக்காதவர்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு வரிசையாக ஒரு ஸ்டார் குத்தியிருக்கிறார்கள். "இந்தியர்களை விரட்டும் கடை" என்று ஒருவர் தமிழிலேயே எழுதியிருக்கிறார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

வீடியோவில் இருப்பதை மட்டுமே வைத்துப் பேசுகிறேன். மதியம் பன்னிரண்டு மணி. எட்டு நாற்காலி உள்ள கடை. ஆறு பேர் உள்ளே போகிறார்கள். இரண்டு சாப்பாடு சொல்லிவிட்டு நாலு காலித் தட்டு கேட்கிறார்கள். பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் வெளியே வருகின்றன. செல்ஃபி குச்சி கவுண்டரைத் தாண்டி அடுப்பு வரைக்கும் நீள்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவர் முகத்துக்கு நேரே கேமரா. அப்போதுதான் கடைக்கார அம்மா வந்து இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டுகிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, "அவமானப்படுத்தி விரட்டினார்கள்" என்று தலைப்பு.

இங்கே கொஞ்ச நாள் இருந்தவருக்கே தெரியும், அந்தக் கைக்குறியை ரயில் நிலையத்திலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் தினம் பார்க்கலாம். "கூடாது" என்பது மொழி தெரியாதவருக்கும் புரியட்டும் என்று காட்டுவது. சின்னக் குழந்தைக்கும் அப்படித்தான் காட்டுவார்கள். அந்த அம்மா கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. வீடியோவை ஒலியோடு திரும்பப் பாருங்கள், "மன்னிக்கவும்" என்று இரண்டு தடவை சொல்கிறார். அதன் மேலேதான் பின்னணி இசை போட்டு அமுக்கியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்த மாதிரிக் கடையில் நாற்காலிதான் சோறு போடுகிறது. நாற்காலி காலியானால்தான் அடுத்த சாப்பாடு, அடுத்த சாப்பாடு போனால்தான் வாடகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியம் பதினொன்றரைக்கு, கடை திறந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, வாசலில் நோரென் என்கிற திரைத் துணியைத் தொங்கவிடுவார்கள், இரண்டு மணிக்கு உள்ளே எடுத்துவிடுவார்கள். கூட்டம் என்பது பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான், அக்கம்பக்கத்து அலுவலகங்களுக்குச் சாப்பாட்டு நேரம் அந்த ஒரு மணி நேரம். ஒருவர் இருபது நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தால் ஒரு நாற்காலிக்கு மூன்று பேர். இவர்கள் பிடித்துக்கொண்ட ஆறு நாற்காலிக்கு அந்த ஒரு மணி நேரத்தில் பதினெட்டு சாப்பாடு. சாப்பாடு 900 யென் வீதம் 16,200 யென் வந்திருக்க வேண்டும். இவர்கள் கொடுத்தது 1,800. டோக்கியோவில் குறைந்தபட்ச மணிக்கூலியே 2024 அக்டோபரில் 1,163 யென் ஆகிவிட்டது. அடுப்படியில் கணவர், பரிமாற மனைவி, வேறு ஆள் கிடையாது. டிப்ஸ் வாங்கும் வழக்கமும் இந்த ஊரில் கிடையாது. அரிசி, மீன், எரிவாயு எல்லாம் போக அந்த ஆறு நாற்காலியில் அவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

வாசலில் நாலைந்து பேர் காத்துக்கொண்டு நின்றதும் அதே வீடியோவில் தெரிகிறது. அவர்களில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சிவப்பு வட்டம் போட்டவர் கண்ணில் அது படவில்லை.

"டூரிஸ்ட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கமெண்டில் கேட்டிருக்கிறீர்கள். 2024-ல் மட்டும் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டினர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காகத்தான் போனார்கள். விதி தெரிய வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே போதும். சரி, அதையும் விடுங்கள். நம்ம ஊர் மெஸ்ஸில் மதிய நேரத்தில் என்ன நடக்கிறது? ரசம் வருவதற்குள் நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுவிடுவார். ஒரு அளவில்லாச் சாப்பாட்டை இரண்டு பேர் பங்கு போட்டால் சர்வர் சும்மா விடுவாரா? அங்கே வாயை மூடிக்கொண்டு எழுந்து போகிற அதே ஆட்களுக்கு இங்கே மட்டும் தன்மானம் எங்கிருந்து வந்தது?

அடுத்து, "சாப்பாடு சப்பென்று இருக்கிறது, இதற்கு 900 யென்னா" என்பது. இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அவர்கள் சொன்னது சாபா மீன் தெய்ஷோகு, அதாவது உப்புப் போட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி, சோறு, மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த சூப், ஊறுகாய், சின்னக் கிண்ணத்தில் ஒரு பொரியல் மாதிரி ஏதாவது. மீனைக் கீறி, உப்புத் தடவி, தண்ணீர் கசியும்வரை வைத்து, துடைத்துவிட்டுத்தான் அனலில் வைப்பார் அடுப்படியில் நிற்கும் கடைக்காரப் பெரியவர். தோல் கொப்பளித்து, விளிம்பு கறுத்து, எண்ணெய் சொட்டச் சொட்டத் தட்டுக்கு வரும். ஓரத்தில் துருவிய முள்ளங்கி ஒரு குவியல். அதில் ரெண்டு சொட்டு ஷோயு, அதாவது சோயா சாஸ், விட்டு, மீனோடு சேர்த்து எடுத்துச் சாப்பிட வேண்டும். வீடியோவில் அந்த முள்ளங்கியை "தேங்காய்த் துருவல் போல, டேஸ்ட்டே இல்லை" என்று ஒதுக்கி வைத்துவிட்டு, மீன் மேல் ஆவக்காய் மசாலாவைக் கொட்டுகிறார்கள். அப்புறம் மீனில் சுவை இல்லை என்று தீர்ப்பு.

நான் தூத்துக்குடிக்காரன். அந்தக் கடையில் முதன்முதலாக மிசோ சூப் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டு போனபோது எங்கள் ஆச்சி மாசிக்கருவாட்டை இடிக்கிற வாசம் வந்தது. உண்மையிலேயே வந்தது. அப்புறம்தான் விசாரித்தேன். சூப்புக்கு அடிப்படையான தாஷியைக் கொம்பு என்கிற கடல்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு எடுக்கிறார்கள். அந்தக் கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைப்பது. மாசியும் சூரைதான், அவித்துப் புகை போட்டுக் காயவைப்பதுதான். எவ்வளவோ கடல் தாண்டி வந்து, ஒரு தகரக் கதவுக் கடையில் எனக்கு என் ஊர் கிடைத்தது. அதைச் "சப்பென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கோபம் வராதா?

சைவக்காரர்கள் நிறைய பேர் கமெண்டில் வந்திருக்கிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, நிஜமாகவே கஷ்டம்தான். மீன் துண்டே இல்லாத சூப்பிலும் தாஷியில் மீன் இருக்கும், குளிர்ந்த டோஃபு கேட்டால் அதன் மேலும் மீன் சீவலைத் தூவித் தருவார்கள். ஆனால் சைவம் இல்லை என்பது அந்தக் கடையின் குற்றம் ஆகாது. டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய பேர் இருக்கும் நிஷி-கசாய் பக்கம் வந்தால் இட்லி தோசையே கிடைக்கிறது, அங்கே போங்கள்.

"ஜப்பான்காரர்கள் வெளிநாட்டுக்காரர்களை ஒதுக்குவதே இல்லை என்கிறீர்களா?" இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை. ஒதுக்குகிறார்கள். வாடகைக்கு வீடு தேடியபோது, பெயரைக் கேட்டதுமே "வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்" என்று போனை வைத்ததை நான் அனுபவித்திருக்கிறேன். வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்த கடைகளும் இருக்கின்றன. ரயிலில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும் நாட்கள் உண்டு. அந்த வலி எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கேமராவை எடுக்காதீர்கள் என்று சொன்னதற்கெல்லாம் இனவெறி என்று கூச்சல் போட்டால், நாளைக்கு நிஜமாகவே ஒருவனுக்கு வீடு மறுக்கப்படும்போது அவன் பேச்சை யார் கேட்பார்கள்?

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக இங்கே அவசர நிலை அறிவித்தார்கள், உணவகங்களை ராத்திரி எட்டு மணிக்கு மூடச் சொன்னார்கள். என் மனைவியும் பிள்ளையும் ஊருக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். விமானம் கிடையாது. அறைக்குள் லேப்டாப்பும் நானும்தான். அந்தக் கடையில் வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு பென்தோ, அதாவது டப்பாச் சாப்பாடு, கட்டி விற்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஷோகாயாகி, இஞ்சி போட்டு வதக்கிய பன்றிக்கறி. நான் பன்றி சாப்பிடுவதில்லை. அதை அவர்களிடம் என்றைக்கோ ஒரு தடவை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். நான் போய் நின்றால் அந்த அம்மா மேசைக்கு அடியிலிருந்து தனியாக ஒரு டப்பாவை எடுத்துக் கொடுப்பார். திறந்தால் சாபா இருக்கும். அதே விலை. நான் வராமல் போயிருந்தால் அந்த டப்பா வீண்தானே? ஆனாலும் தினம் ஒன்று எடுத்து வைத்திருந்தார். அந்த முகத்தின் மேல்தான் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறீர்கள்.

"நீ ஜப்பான்காரனாவே ஆயிட்டே, நம்மாளை விட்டுக்கொடுக்கிறே" என்று ஒரு நண்பர், நெருங்கிய நண்பர், எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல? நான் இங்கே வரி கட்டுகிறேன், என் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறது, என் பேச்சு ஜப்பானியத்திலும் தூத்துக்குடி வாடை போகவில்லை என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் யாராகவும் ஆகவில்லை. அந்தக் கடைக்கு அடுத்து எந்தத் தமிழன் நோரெனைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாலும், அவன் மூஞ்சியைப் பார்த்ததும் அந்த இரண்டு பேருக்கும் அந்த ஆறு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். விட்டுக்கொடுத்தது யார்?

இந்த மாதிரிக் கடைகள் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்பதும் தெரியாது. பிள்ளைகள் யாரும் கடைக்கு வருவதில்லை. 2025-ல் அரிசி ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டியது, முந்தைய வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. அரசாங்கம் கையிருப்பு அரிசியை வெளியே விட வேண்டியதாயிற்று. அப்போது கடைக்காரப் பெரியவர் சாப்பாட்டுக்கு 50 யென் ஏற்றினார். அதற்கு ஒரு தாளில் தூரிகையால் மன்னிப்பு எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தார். ஐம்பது யென்னுக்கு. பத்து மாடிக் கட்டிடத்தில் சங்கிலிக் கடை வைத்திருப்பவனை நீங்கள் ஒரு ஸ்டாரால் ஒன்றும் செய்ய முடியாது. இவர்களை முடியும். இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. எட்டு நாற்காலி, இரண்டு கிழவர்கள், அவ்வளவுதான் கடை.

இன்றைக்கு மதியம் போயிருந்தேன். வாசல் கண்ணாடியில் புதிதாக ஒரு தாள். படம் எடுக்க வேண்டாம், ஒருவருக்கு ஒரு சாப்பாடு, வெளித் தின்பண்டம் வேண்டாம். ஆங்கிலத்தில். அந்தக் கடையில் இதுவரை ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கிடையாது, மெனுகூடச் சுவரில் ஒட்டிய காகிதப் பட்டைகளில் ஜப்பானியம்தான். யாருக்காக அந்தத் தாள் என்று எனக்குத் தெரியும், உள்ளே இருந்த வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் வழக்கம்போல வரவேற்றார். தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வீடியோ போட்டவர் இந்தக் குழுவில் இருக்கிறார், இதைப் படிப்பார். தம்பி, வீடியோவை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் கடைப் பெயரையும் அந்த அம்மா முகத்தையும் பக்கத்தில் சாப்பிட்ட பெரியவர் முகத்தையுமாவது மறையுங்கள். ஒரு ஸ்டார் போட்டவர்கள் கூகுள் மேப்பில் உங்கள் பங்களிப்புகள் பகுதிக்குப் போனால் அந்த மதிப்புரை இருக்கும், அங்கேயே நீக்கிவிடலாம். இன்றைக்கே செய்யுங்கள்.