ஊர்ப் பட்டியலுக்கு 250 கோடி அபராதமாம்!

நான் வச்சிருக்குற ஊர் போன் நம்பர் பட்டியலுக்கு ரெண்டாவது நோட்டீஸும் வந்துருச்சுங்க. "எனது சம்மதமின்றி எனது பெயரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது சட்டவிரோதம்." முதல் நோட்டீஸு பேரை எடுக்கச் சொல்லி. இது, எடுத்த பேரை ஏன் திருப்பிச் சேர்த்தேன்னு. அனுப்பினது ஏதோ கம்பெனி வக்கீல்னு நினைக்காதீங்க. எங்க ஊர்ப் பையன். நாலு வீடு தள்ளி. டவுசரைப் பிடிச்சுக்கிட்டு ஊருணிக்கரையில ஓடின காலத்துலேருந்து தெரியும். இப்ப பெங்களூர்ல சாப்ட்வேர்.

ஊர்க் குழு நடத்துறவுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. நம்மகிட்ட என்ன பெரிய தரவுக் களஞ்சியமா இருக்கு? பேரு, வீட்டு விலாசம், நம்ம நகரத்தாரோட ஒன்பது கோயில்ல எந்தக் கோயில், போன் நம்பர், ரத்த வகை. ஒரு எக்செல் ஷீட்டு. அதுவும் முகப்புத் திண்ணையில கிடக்குற, 'எஸ்' பட்டன் தெறிச்சுப்போன லேப்டாப்புல. இதுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு வாய் காப்பி கிடையாது. ஆனா மதுரை ஆஸ்பத்திரில யாருக்காச்சும் ஓ நெகட்டிவ் வேணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு என் போன்தான் அடிக்கும்.

முதல் நோட்டீஸைப் படிச்சுக் காட்டுறேன், நீங்களும் அனுபவிங்க. "2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 12-இன்படி என் தரவு அனைத்தையும் நீக்கி, நீக்கியதை எழுத்துமூலம் உறுதிசெய்க." இதே ஆளு போன பொங்கலுக்கு "அண்ணே, நல்ல ஆசாரி நம்பர் இருந்தா அனுப்புங்கண்ணே"ன்னு கேட்டான். ஆசாரி நம்பர் எங்கேருந்து வந்துச்சாம்? அதே பட்டியல்லேருந்துதான்! ஆசாரிகிட்ட சம்மதம் வாங்கியாச்சான்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டானா?

சரி, சட்டம்னா சட்டம்தான். எடுத்தேன். ஒரு வரி, ஒரு டெலீட். நீக்கிட்டேன்னு எழுத்துமூலமாவும் அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சான்.

ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாள் விடியக்காலை, வாசல்ல கோலம்கூடப் போடல, அவன் ஆத்தா போன்ல.

"ஏந் தம்பி, எம்மவனைப் புள்ளியிலேருந்து தள்ளிட்டியாமே?"

"ஆச்சி, புள்ளி இல்ல, பட்டியல். புள்ளிங்கிறது கோயில் ஏட்டுல இருக்குற குடும்பக் கணக்கு, அதுல நான் கைவைக்க முடியுமா? இது நம்ம போன் நம்பர் பட்டியல்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தேவகோட்டையில ஒரு எடம் வந்துச்சு. அவுக பட்டியலப் பாத்துட்டு, பையன் பேரே இல்லையே, ஊரோட ஏதும் தகராறான்னு கேக்குறாக. நாங்க புள்ளிவரியில ஒரு பைசா பாக்கி வச்சிருக்கோமா?"

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே ஆச்சி, அவன் எங்க புள்ளி ஆனான்? கல்யாணமாகி கோயில் மாலை வந்தாத்தானே..."

இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். கல்யாணம் ஆகலைங்கிற சொல்லு காதுல விழுந்ததும் ஆச்சிக்கு வந்த அழுகை இருக்கே! அழுகை, அதுக்கு நடுவுல அவுக மாமனார் காலத்துல கும்பாபிஷேகத்துக்கு என்ன செஞ்சாகங்கிற கணக்கு, அதுக்கு நடுவுல எங்க அப்பச்சி எவ்வளவு நல்ல மனுஷர்ங்கிற சான்றிதழ், அப்புறம் அவர் வயித்துல நான் எப்படி இப்படின்னு ஒரு பெருமூச்சு. போன் சூடாகி காது சிவந்துபோச்சு. நான் பிரிவு 12-ஐ விளக்கப் பாத்தேன். "பன்னெண்டோ பதிமூணோ, பேரைப் போடு தம்பி"ன்னுட்டு வச்சுட்டாக. போட்டேன். அதுக்குத்தான் இந்த ரெண்டாவது நோட்டீஸு.

இப்ப நான் என்ன செய்யணும்? மகனுக்காக எடுத்து, ஆத்தாவுக்காகப் போட்டு, ஒத்தப்படை நாளு இருக்கான், ரெட்டைப்படை நாளு இல்லைன்னு நடத்தவா?

சட்டத்தையும் உக்காந்து படிச்சுட்டேங்க, தூக்கம்தான் போச்சே. பாதுகாப்புல கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம். எங்க ஊர் வீடுகள்ல இருக்குற அத்தனை பர்மாத் தேக்குத் தூணையும் பேத்து வித்தாலும் தேறாது. சம்மதம் கேக்குற அறிவிப்பை இங்கிலீஷ்லயோ அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில உள்ள 22 மொழியில எதுலயோ படிக்க வழி செஞ்சு குடுக்கணுமாம். குழுவுல அந்த 22-ல ஒண்ணான சந்தாலி தெரிஞ்சவுக இருந்தா கைதூக்குங்க. தரவு களவு போனா அவுகவுகளுக்குத் தகவல் சொல்லணும், 72 மணி நேரத்துக்குள்ள தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விவரமான அறிக்கை. திருடன் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயிட்டா எப்படிய்யா தகவல் சொல்றது? நம்பர் பூரா அதுலதானே இருக்கு!

18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவுக சம்மதம், அதுவும் சரிபாக்கக்கூடிய சம்மதமா இருக்கணும். பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைக இழை, அதான் திரி ஏத்தின மாவு, எடுத்துக்கிற போட்டோவை அப்பன்காரனே குழுவுல போடுறான். நான் அவன்கிட்டயே போயி, நீ இந்தப் பிள்ளைக்கு அப்பன்தானான்னு சரிபாக்கணும். உதை யாருக்கு விழும்?

சொந்த, வீட்டு உபயோகத்துக்குத் தனிமனுஷன் வச்சிருக்குறதுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு மூணாம் பிரிவு சொல்லுது. நல்லது. எங்க ஊர் முழுக்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு, பங்காளி, தாயபிள்ளை. இது வீட்டு உபயோகமா, ஊர் உபயோகமா? சட்டம் எழுதினவுக வீட்டுக்குப் பங்காளியே கிடையாது போல. சில தரப்புக்கு அரசாங்கம் அறிவிக்கை போட்டு விலக்குக் குடுக்கலாமாம், அதுல ஸ்டார்ட்-அப்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. திண்ணை-அப்புக்கு ஒரு வரி கிடையாது.

இதுல உச்சம் என்னன்னா, விதிகளை 2025 நவம்பர்லதான் அறிவிச்சாக. பிரிவு 12 உள்பட முக்கியமான கடமையெல்லாம் 18 மாசம் கழிச்சு, 2027 மே மாசம்தான் அமலுக்கு வருது. நம்ம பெங்களூர் தம்பி இன்னும் பொறக்காத பிரிவை வச்சு எனக்கு நோட்டீஸ் விட்டிருக்கான்! அதே சட்டத்துல பிரிவு 15-னு ஒண்ணு இருக்குப்பா, அற்பமான புகார் குடுத்தா 10,000 ரூபா வரைக்கும் உனக்கும் அபராதம். அதையும் படி.

2017-ல சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிக சேந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்புச் சொன்னப்ப கைதட்டினவன்தான் நான். ஆனா இந்தத் தம்பியைப் பொங்கல் சமயத்துல காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடை வரிசையில பாத்தேன். ஒரு வேட்டி, ரெண்டு கைக்குட்டை. பில் போடுற பொண்ணு "நம்பர் சொல்லுங்க சார்"னுச்சு. பத்து நம்பரையும் வரிசை பூரா கேக்குற மாதிரி ஒப்பிச்சான். சரியா விழலைன்னு ரெண்டாந்தடவையும். "பிறந்த நாள் சார்?" அதையும் சொன்னான், வருஷத்தோட. எதுக்கும்மான்னு ஒரு கேள்வி? பிரிவு 12 அன்னைக்கு எங்க போயிருந்துச்சு, கைக்குட்டைக்குள்ளயா? அங்க வாயில்ல. திண்ணையில உக்காந்திருக்குற அண்ணன்கிட்ட மட்டும் சட்டம், பிரிவு, எழுத்துமூலம்.

நேத்து ஆச்சி சமாதானத்துக்குத் தேன்குழல் குடுத்துவிட்டிருக்காக, பிளாஸ்டிக் டப்பாவுல. "டப்பாவை மறக்காமத் திருப்பிக் குடுத்துருங்க"ன்னு சொல்லியும் விட்டாக. ஆச்சி, போன தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்த எங்க எவர்சில்வர் தூக்கு, மூடியில எங்க விலாசம் வெட்டினது, அது எப்ப வரும்? எங்காத்தா தினம் கேக்குறாக.